உடல்நலப் பக்கம்: குடியாதவர்க்கும் ஈரல் நோயா?



ஈரல் நோய் என்ற சொல் காதில் விழுந்ததும் நம் ஊர்களில் முதலில் எழும் எண்ணம் மதுவைப் பற்றியதே. நோயாளி ஆணாயின், "மறைவாகக் குடித்திருப்பாரோ?" என்று உற்றார் ஐயுறுகின்றனர். பெண்ணாயின், அந்த ஐயத்தை வாய்விட்டுச் சொல்லாவிடினும் பார்வையால் உணர்த்திவிடுகின்றனர். வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவையும் தொட்டறியாத தாய்மார்கள், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேன் அறிக்கையில் "கல்லீரலில் கொழுப்பு ஏறியுள்ளது" என்று எழுதியிருப்பதைக் கண்டு, அதைப் பிறரிடம் காட்டவும் கூசி அலமாரியில் மடித்து வைத்துவிடுவதுண்டு. நோயைவிட இந்த நாணமே பல வேளைகளில் பெருந்தீங்கு விளைவிக்கிறது. தொடக்கத்தில் திருத்திக்கொள்ளக் கூடிய ஒன்று, மறைக்கப்படுவதனால் ஆண்டுக்கணக்கில் வளர்ந்து முற்றிவிடுகிறது.

ஆகவே முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். மதுவே அருந்தாதவர்க்கும் கல்லீரலில் கொழுப்பு ஏறும். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த யூர்கன் லுட்விக் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும் 1980-ஆம் ஆண்டில் இருபது நோயாளிகளைப் பற்றி எழுதினர். குடிகாரரின் ஈரலில் காணும் அதே கேடு, குடியாத அந்த இருபது பேரின் ஈரலிலும் இருந்தது. அதுவரை பெயரில்லாதிருந்த அந்நோய்க்கு அவர்கள் ஒரு பெயர் சூட்டினர். இன்று அது உலகெங்கும் பரவிய நோய். சென்னையில் நகரவாழ் மக்களிடையே நடத்தப்பெற்று 2009-இல் வெளியான ஆய்வொன்றில், ஏறத்தாழ மூவருள் ஒருவரின் ஈரலில் கொழுப்பு ஏறியிருந்தது; நீரிழிவு உள்ளோரிடத்தில் பாதிப்பேருக்கு மேல் அது காணப்பட்டது. நம் நாட்டு அரசும் 2021-ஆம் ஆண்டில், நீரிழிவு, இதயநோய், புற்றுநோய் ஆகியவற்றுக்கான தேசியத் திட்டத்தில் இந்நோயையும் சேர்த்துக்கொண்டது. 2023-இல் மருத்துவ உலகம் இந்நோயின் பெயரையே மாற்றியது. "மது சாராத" என்ற அடைமொழியை நீக்கி, உடலின் வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு தொடர்புடையது என்று பொருள்படும் பெயரை அளித்தது. நோயாளியின்மீது படியும் வீண்பழியைக் களைவதும் அப்பெயர் மாற்றத்தின் நோக்கங்களுள் ஒன்று.

கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

எண்ணெய்ப் பண்டம் தின்பவர்க்கே ஈரலில் கொழுப்பு ஏறும் என்பது பலரின் கருத்து. அது பாதி உண்மையே. 2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று, இந்நோயாளரின் ஈரலில் தங்கிய கொழுப்பு எவ்வெவ்வழியே வந்தது என்பதை அளந்து காட்டியது. அதில் ஏறத்தாழ 59 விழுக்காடு, உடலின் பிற பகுதிகளில் சேர்ந்திருந்த கொழுப்பு கரைந்து இரத்தத்தின் வழியே வந்தது. 26 விழுக்காடு, உண்ட சர்க்கரையையும் மாவுப்பொருளையும் கொண்டு ஈரல் தானே புதிதாகச் செய்தது. உணவிலிருந்த எண்ணெயும் நெய்யும் நேராக வந்து படிந்தது 15 விழுக்காடே.

விருதுநகரின் எண்ணெய்ப் பரோட்டாவும், சாத்தூர்க் காரச்சேவும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் நம் மாவட்டத்துக்குப் பெருமை சேர்ப்பவை. விருந்தினர்க்கு வாங்கித் தந்து நாமும் மகிழ்கிறோம். குற்றம் அவற்றை என்றோ ஒருநாள் சுவைப்பதில் இல்லை. மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும் ஒன்றுகூடிய உணவு நாள்தோறும் இரவுதோறும் இலையில் விழுவதும், இடைப்பட்ட நேரமெல்லாம் சர்க்கரை மிகுந்த தேநீரால் நிரம்புவதுமே கேட்டிற்கு வழி. ஈரலின் உயிரணுக்களில் நூற்றில் ஐந்துக்கு மேற்பட்டவை கொழுப்புத் துளிகளைச் சுமந்து நின்றால், அதனைக் கொழுப்பேறிய கல்லீரல் என்று மருத்துவர் கூறுவர்.

உயிரணுவின் துப்புரவுப் பணி

இனி, நம்மில் பலரும் அறியாத செய்தி ஒன்றுக்கு வருவோம். கொழுப்பு வந்து சேரும் வழிகளை மட்டும் இறைவன் ஈரலுக்கு வைக்கவில்லை. சேர்ந்ததை அகற்றும் வழியையும் அதனுள்ளேயே அமைத்திருக்கிறான்.

சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டியும் நோட்டுப் புத்தகமும் வெட்டும்போது காகிதத் துண்டுகள் குவியும். அவற்றை யாரும் வீணென்று எறிவதில்லை. மூட்டையாகக் கட்டி ஆலைக்கு அனுப்பினால், அவை கூழாகிக் காகிதமாகவும் அட்டையாகவும் மீண்டும் வடிவு பெறுகின்றன. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் இத்தகைய தொழிலை இடையறாது நடத்துகிறது. பழுதுபட்ட புரதங்களையும், தேய்ந்த உறுப்புகளையும், மிகுதியாய்ச் சேர்ந்த கொழுப்புத் துளிகளையும் மெல்லிய இரட்டைப் படலம் ஒன்று பை போலச் சூழ்ந்து மூடுகிறது. அந்தப் பை, லைசோசோம் எனப்படும் மற்றொரு சிறு கலத்தோடு இணைகிறது. லைசோசோமினுள் அமிலமும், பொருள்களைச் சிதைக்கும் நொதிகளும் உள்ளன. பையிலிருந்தவை அங்கே கரைந்து மூலப்பொருள்களாகப் பிரிகின்றன. சில எரிபொருளாகின்றன, சில புதிய உறுப்புகளைக் கட்டப் பயன்படுகின்றன. உயிரணு தன்னில் ஒரு பகுதியைத் தானே உண்டு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதால், கிரேக்க மொழியில் "தன்னை உண்ணல்" எனப் பொருள்படும் "ஆட்டோபேஜி" என்ற பெயர் இதற்கு வழங்குகிறது. நாம் தன்னுண்ணல் என்போம்.

லைசோசோம் முதன்முதலில் புலப்பட்டதும் கல்லீரலில்தான் என்பது குறிப்பிடத்தக்கது. பெல்ஜியம் நாட்டு லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிறிஸ்தியன் தெ தூவ், இன்சுலின் ஈரலில் எவ்வாறு செயல்படுகிறது என்று எலிகளின் ஈரலைக் கொண்டு ஆராய்ந்து வந்தார். அவர் தேடியது வேறு, கிடைத்தது வேறு. நொதியொன்று படலத்தால் மூடப்பட்டு ஒளிந்திருப்பதைக் கண்டு, அதனைத் தொடர்ந்து சென்று, 1955-இல் லைசோசோமை உலகுக்கு அறிவித்தார். தன்னுண்ணல் என்ற பெயரை 1963-இல் சூட்டியவரும் அவரே. 1974-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பெற்ற மூவருள் அவரும் ஒருவர். பின்னர் ஜப்பான் நாட்டு யோஷினோரி ஓசுமி, மாவைப் புளிக்கச்செய்யும் ஈஸ்ட் நுண்ணுயிரைக் கொண்டு, இப்பணியை நடத்தும் மரபணுக்களை 1990-களில் ஒவ்வொன்றாகக் கண்டறிந்தார். அதற்காக 2016-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஈரலில் சேரும் கொழுப்புக்கும் இத்துப்புரவுக்கும் உள்ள உறவு 2009-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. நியூயார்க் நகரின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் ரஜத் சிங், ஆனா மரியா குவெர்வோ, மார்க் சாஜா ஆகியோர், ஈரல் உயிரணுக்களிலுள்ள கொழுப்புத் துளிகளும் இந்தப் பைகளுக்குள் அகப்பட்டுக் கரைவதைக் கண்டனர். தன்னுண்ணலைத் தடுத்த எலிகளின் ஈரலில் கொழுப்பு குவிந்தது. பிற்காலச் சோதனைகள் சிலவற்றில் மாறுபட்ட முடிவுகளும் கிடைத்துள்ளன. ஆய்வு இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது. எனினும், ஈரல் தன் சுமையைத் தானே இறக்கிக்கொள்ளும் வழிகளுள் இதுவும் ஒன்று என்பது நிலைபெற்ற கருத்தாகிவிட்டது.

தேங்கிய கழிவின் தீப்பொறி

இத்துப்புரவு கொழுப்பை மட்டும் அகற்றுவதன்று. ஒவ்வோர் உயிரணுவிலும் மைட்டோகாண்டிரியா எனப்படும் நுண்ணிய அடுப்புகள் பல உள்ளன. கொழுப்பை எரித்து ஆற்றல் தருபவை அவையே. அளவுக்கு மிஞ்சிய கொழுப்பை எரித்து எரித்துப் பழுதடைந்த அடுப்புகள், தீப்பொறி போன்ற கேடுதரும் ஆக்சிஜன் துணுக்குகளைச் சிதறவிடுகின்றன. அவை அக்கம்பக்கத்தைச் சுட்டுப் புண்ணாக்கும்.

இதன் பொருளைப் பட்டாசுத் தொழில் செய்யும் மக்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. அன்றன்று கலந்த மருந்தை அன்றன்றே முடித்துவிட வேண்டும். மீந்த கழிவை அறையில் இரவு முழுதும் வைத்தல் கூடாது என்பது அத்தொழிலின் பாலபாடம். மீந்த கழிவு சிறிதாயினும் அதுவே பெருந்தீக்குக் காரணமாகலாம். ஈரலிலும் அவ்வாறே. பழுதுற்ற அடுப்புகளை அன்றாடம் பொறுக்கி அகற்றும் பணியையும் தன்னுண்ணலே செய்கிறது. அது குன்றும்போது கொழுப்பு வீக்கமாகவும், வீக்கம் தழும்பாகவும், தழும்பு ஈரல் சுருக்கமாகவும் மாறக்கூடும். சிலர்க்கு அது புற்றுநோயாகவும் முடிகிறது. கொழுப்பேறிய அனைவர்க்கும் இந்நிலை வருவதில்லை. பெரும்பாலோர் முதற்படியிலேயே நின்றுவிடுகின்றனர். ஆனால், இந்நோயாளர்க்கு மாரடைப்பு முதலிய இதய நோய்கள் மிகுதியாக வருவதால், முதற்படியும் புறக்கணிக்கத் தக்கதன்று.

துடைப்பம் ஏன் ஓய்கிறது?

இத்தகைய நல்ல ஏற்பாடு உள்ளிருக்க, பின் ஏன் ஈரலில் கொழுப்பு தேங்குகிறது என்ற வினா எழுதல் இயல்பே.

வீட்டைப் பெருக்குவதற்கு விருந்து நடக்கும் நேரத்தை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. விருந்தினர் எழுந்த பின்பே துடைப்பம் எடுக்கிறோம். உடலும் அவ்வாறே ஒழுங்கு செய்யப்பட்டுள்ளது. உணவு உண்டதும் இரத்தத்தில் இன்சுலின் கூடுகிறது. "வந்ததைச் சேமித்து வை" என்பதே அதன் கட்டளை. அப்போது தன்னுண்ணல் அடங்கியிருக்கும். உண்டு சில மணி நேரம் கழிந்து இன்சுலின் தணிந்ததும், குளுக்ககான் என்ற மற்றொரு சுரப்பு ஓங்குகிறது. அது ஈரலில் தன்னுண்ணலைத் தூண்டுவதைத் தெ தூவின் ஆய்வுக்கூடமே 1967-இல் எலிகளில் காட்டியது. இரவு உணவுக்கும் காலை உணவுக்கும் இடைப்பட்ட நீண்ட ஓய்வு ஈரலின் துப்புரவுக்கு ஏற்ற காலம்.

நம் அன்றாட வாழ்வை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலையில் வேன் வரும் அவசரத்தில் அரைகுறையாக உண்டு கிளம்புகிறோம். ஆலையிலும் அச்சகத்திலும் கடையிலும் நாள் முழுதும் அமர்ந்த இடத்திலேயே வேலை. களைப்பைப் போக்க இனிப்பு மிகுந்த தேநீர். அதனோடு ஒரு வடையோ பிஸ்கட்டோ. வீடு திரும்பி, வேலையெல்லாம் முடிந்து இரவு நெடுநேரம் சென்று வயிறு புடைக்க உண்கிறோம், உண்டதும் உறங்குகிறோம். இவ்வாழ்க்கையில் இன்சுலின் தணிவதற்கு இடைவெளி ஏது? இடுப்பில் கொழுப்புச் சேரச் சேர, உடல் இன்சுலினின் சொல்லுக்கு எளிதில் செவிசாய்ப்பதில்லை. எனவே இன்னும் மிகுதியான இன்சுலின் சுரந்து நாள் முழுதும் இரத்தத்தில் நிற்கிறது. துப்புரவு மேலும் அடங்குகிறது. தேங்கிய கொழுப்போ, பைகள் லைசோசோமோடு இணைவதையே தடைசெய்கிறது என்று விலங்குகளில் செய்த சோதனைகள் காட்டுகின்றன. குப்பை பெருகியதால் துடைப்பம் ஓய்கிறது; துடைப்பம் ஓய்ந்ததால் குப்பை மேலும் பெருகுகிறது. மதுப்பழக்கமும் உள்ளவராயின் இச்சுழலை அது விரைவுபடுத்தும். ஈரலில் கொழுப்பேறியவர் மதுவை அறவே விடுதல் நலம்.

"நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன்" என்று எவரும் வாளாவிருக்க வேண்டா. கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடலமைப்பு நம் நாட்டாரிடையே மிகுதி. ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் கடந்தால் எச்சரிக்கை தேவை. தையற்காரரின் அளவு நாடாவே இதற்குப் போதும்.

நோன்பு மருந்தாகுமா?

இவ்விடத்தில் சிலர், "அப்படியாயின் பட்டினி கிடந்தால் ஈரல் தூய்மையாகிவிடுமே" என்று எண்ணக்கூடும். பதினாறு மணி நேரம் உண்ணாதிருந்தால் எல்லா நோயும் தீரும் என்று சொல்வோரும் இன்று பலர். இதில் நிதானம் வேண்டும். தன்னுண்ணல் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி எலிகளிலும் தனித்த உயிரணுக்களிலும் கண்டது. உயிருள்ள மனிதரின் ஈரலில் அதனை நேராக அளப்பது எளிதன்று. கொழுப்பேறிய ஈரல் உடையவர்களைக் கொண்டு சீனாவில் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு சாராரை நாளில் எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் உண்ணச் செய்தனர். மற்றொரு சாராரை வழக்கமான நேரங்களில் உண்ணச் செய்தனர். இரு சாராரும் உணவின் மொத்த அளவை ஒரே விதமாகக் குறைத்தனர். ஆறு மாதங்களுக்குப் பின் இரு சாராரின் ஈரலிலும் கொழுப்பு ஏறத்தாழ ஒரே அளவே குறைந்திருந்தது. ஆகவே கடிகாரத்தில் மந்திரம் எதுவுமில்லை. மொத்தச் சுமை குறைவதே முதன்மையானது. உண்ணா நேரம் அதற்கு ஒரு துணை மட்டுமே.

அன்றியும், நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்வோரும் இன்சுலின் ஊசி போடுவோரும் மருத்துவரைக் கேளாமல் உணவைத் தவிர்த்தால், இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். கருவுற்ற தாய்மார், பாலூட்டுவோர், வளரும் பிள்ளைகள், முதியோர் ஆகியோர்க்கும் கடும்பட்டினி ஆகாது. மிக விரைவாக எடை குறைவதும் ஈரலைப் புண்ணாக்கும். தவக்காலத்தில் நாம் ஏற்கும் நோன்பு செபத்துக்கும் மனமாற்றத்துக்கும் உரியது. அதனை மருந்துச் சீட்டாக்க வேண்டியதில்லை. நோன்பை முடித்த மாலையிலேயே இனிப்பும் பொரியலுமாய் ஈடுசெய்யாதிருந்தால், ஆன்மாவோடு ஈரலும் நன்றி சொல்லும்.

செய்யத்தக்கவை

முதலாவது, எடை. மொத்த எடையில் ஐந்து விழுக்காடு குறைந்தாலே ஈரலின் கொழுப்பு குறையத் தொடங்கும். ஏழு முதல் பத்து விழுக்காடு குறைந்தால் வீக்கமும் தணியும். எழுபது கிலோ எடையுள்ளவர்க்கு இது ஐந்து முதல் ஏழு கிலோ. ஆறு மாதம் முதல் ஓராண்டுக் காலத்தில் சிறுகச் சிறுகக் குறைப்பதே நன்று.

இரண்டாவது, உணவின் ஒழுங்கு. இரவு உணவை இயன்றவரை முன்னதாகவும் அளவாகவும் முடியுங்கள். அதன்பின் காலைவரை தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டா. தேநீரில் சர்க்கரையைப் படிப்படியாகக் குறையுங்கள். பாட்டில்களில் விற்கும் இனிப்புப் பானங்களைப் பிள்ளைகளுக்குப் பழக்காதீர்கள். கம்பும் சோளமும் குதிரைவாலியும் நம் கரிசல் மண்ணின் பழைய உணவுகள். நம் பாட்டனார் பாட்டிமார் அவற்றை உண்டே உழைத்தனர். அவற்றோடு பருப்பும் பயறும் கீரையும் சேர்ந்தால் அரிசியின் அளவு தானே குறையும்.

மூன்றாவது, உடலுழைப்பு. உடற்பயிற்சி தன்னுண்ணலைத் தூண்டுவதை அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து ஆய்வாளர்கள் 2012-இல் எலிகளில் கண்டனர். எடை குறையாவிடினும், நடைப்பயிற்சி ஈரல் கொழுப்பைக் குறைக்க வல்லது என்பது மனிதரிடமும் கண்ட உண்மை. நாளொன்றுக்கு அரைமணி நேர விரைவு நடை போதும். வேலைத்தலத்தில் மணிக்கொருமுறை எழுந்து சற்றே நடந்தாலும் பயனுண்டு.

நான்காவது, பரிசோதனை. நீரிழிவு, இரத்த அழுத்தம், பெருத்த இடுப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று உள்ளவர் ஈரலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வயது, இரத்தத்திலுள்ள இரண்டு ஈரல் நொதிகள், இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டே தழும்பு ஏறும் அபாயம் உண்டா என்று மருத்துவர் கணக்கிடுவார். அதற்குப் பெருஞ்செலவில்லை. 2022-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத் தலைநகரிலேயே உள்ளது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. "ஈரலைக் கழுவும் மருந்து", "தன்னுண்ணலைப் பெருக்கும் மாத்திரை" என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளையும் குளிகைகளையும் வாங்கி ஏமாறாதீர்கள். என்ன கலந்தது என்றே தெரியாத மருந்துகளால் ஈரல் கெட்டு மருத்துவமனைக்கு வருவோர் உண்டு. ஈரலில் தழும்பு ஓரளவு ஏறிவிட்டவர்க்கென்று அமெரிக்க அரசு 2024-இல் ஒரு மருந்தையும், 2025-இல் மற்றொன்றையும் ஏற்றுள்ளது. அவை யாருக்கு ஏற்றவை என்பதை மருத்துவரே தீர்மானிக்க இயலும். அம்மருந்துகளோடும் உணவுக் கட்டுப்பாடும் நடையும் தொடர வேண்டும் என்பதே விதி.

இல்லத்துப் பெரியோர்களே, இப்பணியில் நோயாளியைத் தனியே விட்டுவிடாதீர்கள். ஒருவர்க்கு மட்டும் கம்பங்கூழ் ஊற்றிவிட்டு மற்றவர் பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்தால், அந்தக் கட்டுப்பாடு ஒரு வாரமும் நீடிக்காது. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்ததை உண்டு வளர்ந்தவர்கள் நாம்; ஒருவரின் ஈரலில் கண்ட குறை மற்றவரின் ஈரலிலும் அரும்பியிருக்கக் கூடும். எனவே வீடு முழுவதும் சேர்ந்தே உணவை மாற்றுங்கள். இரவு உணவு முடிந்ததும் அடுக்களை விளக்கை அணைத்துவிட்டு, கணவன் மனைவி பிள்ளைகளாகத் தெருக்கோடிவரை நடந்து வாருங்கள். பிறகு நாம் உறங்குவோம். ஈரல் தன் வேலையைத் தொடங்கட்டும்.